ஒரு நட்சத்திரக் கள்ளன்

இசக்கிதுரை தாலி கட்டிய பதினேழாவது நிமிடம் ஆபீசுக்குக் கிளம்பிவிட்டான். கழுத்து மாலையைக்கூடக் கழற்றவில்லை. பாலும் பழமும் கொண்டுவந்த மாமியார் தட்டோடு நின்றாள்.

"பதினோரு மணிக்கு ஒருத்தன் வாரான் அத்தை. பிடிச்சுப் போட்டுட்டு வந்திருதேன்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினான். பெண்ணின் தாய்மாமன் மண்டபத்து வாசல்வரை ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்து, "மாப்பிள்ளை போலீஸ்னு ஒரு வார்த்தை சொல்லலியேவே" என்று தரகரைப் பிடித்துக்கொண்டார்.

எல்லாரும் பதறிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் பந்தியில் ஒருவர் மட்டும் நிம்மதியாக இரண்டாம் தடவை பாயசம் வாங்கினார். அவர் பெயர் தவசிக்கனி. வயது ஐம்பத்து நான்கு. இசக்கிதுரை வேலை பார்த்த நிறுவனத்தில், ஆட்கள் வேலையை விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்கிற தங்கவைப்பு அலுவலர். ஒரு வருஷத்துக்கு முன்பு மூன்று தடவை ராஜினாமாக் கடிதத்தோடு வந்து நின்ற பயல், இன்று மணவறையிலிருந்து எழுந்து வேலைக்கு ஓடுகிறான். ஒரு தங்கவைப்பு அலுவலரின் வாழ்வில் இதற்குமேல் என்ன வேண்டும்? அவர் கண் கலங்கியதைப் பார்த்த பெண்வீட்டுக்காரர் ஒருவர், மாப்பிள்ளைக்குப் பெரியப்பா போலிருக்கிறது என்று நினைத்து இன்னொரு அப்பளம் வைத்தார்.

நிறுவனத்தின் பெயர் கோட்டைவாசல். கங்கைகொண்டானில் நாற்கரச் சாலையோரம் கண்ணாடிக் கட்டடம். அதன் காவலில் இருந்தவை தென்மாவட்டங்களின் நாற்பத்தோராயிரம் இதயங்கள். துடிப்பு தடுமாறியவர்களுக்கெல்லாம் நெஞ்சுக்குள் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு நாடித்துணையை வைத்துத் தைத்துவிடுகிற காலம் அது. நிமிடத்துக்கு எத்தனை தடவை துடிக்க வேண்டும் என்று இதயத்துக்கு அது சொல்லும். அதற்குச் சொல்வது மைய மருத்துவமனை, அலைவழியாக. பகலில் எழுபத்திரண்டு என்பது அரசாங்க அளவு.

அலை போகிற வழியில் கள்ளனும் போகலாம். அவனைக் கண்டுபிடிக்க அரண்பொறி என்று ஒன்று இருந்தது. ஆனால் கண்டுபிடித்தவனின் தொடர்பை அறுக்க அதற்கு அனுமதி கிடையாது. முன்பு இருந்தது. ஒருநாள் ஓர் அமைச்சரின் இதயத்துக்குப் போன நல்ல கட்டளையைக் கள்ளன் என்று நினைத்து அது அறுத்துவிட, அவர் கையில் கத்தரிக்கோலோடு ரிப்பன்மேலேயே சாய்ந்தார். ரிப்பன் அறுந்துவிட்டதால் பாலம் திறக்கப்பட்டதாகவே எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் மனிதக் கண் சட்டம் வந்தது. பொறி காட்டலாம், அறுப்பதற்கு இரண்டு மனிதர்கள் ஒரே நேரத்தில் பொத்தானில் விரல் வைக்க வேண்டும்.

அப்படி விரல் வைப்பதற்காகக் கண்காணிகள் என்று அறுபது பேர் எட்டு மணி நேரம் திரை முன்னால் உட்கார்ந்தார்கள். அரண்பொறிக்குப் பயந்து நிஜக் கள்ளர்கள் வருவதை நிறுத்தி மூன்று வருஷமாகியிருந்தது. வராத திருடனுக்காக விழித்திருப்பதைப்போல மனிதனை அரிக்கிற வேலை வேறில்லை. சராசரியாக நாலு மாதம் பதினோரு நாளில் ஆள் போய்விடுவான். போகிறவன் பூட்டு எங்கே, சாவி எங்கே என்கிற ஞானத்தையும் மண்டைக்குள் வைத்துக் கொண்டுபோவான். ஆகவே தங்கவைப்புத் துறை என்று ஒன்றைத் தொடங்கி அதில் தவசிக்கனியைப் போட்டார்கள்.

அவர் செய்து பார்க்காதது கிடையாது. வெள்ளிக்கிழமை பிரியாணி போட்டார். சாப்பிட்டுவிட்டுத் திங்கட்கிழமை கடிதம் கொடுத்தார்கள். யோகா வைத்தார், சவாசனத்தில் படுத்தவர்களில் இருவர் அங்கேயே முடிவெடுத்து எழுந்தார்கள். 'நாம் ஒரு குடும்பம்' என்று பனியன் அடித்துக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டே அடுத்த கம்பெனி நேர்காணலுக்குப் போனார்கள். விலகுகிறவருக்குக் கடைசி நாளில் கேக் வெட்டுவது வழக்கம். மாதத்தில் பாதி நாள் கேக் தின்று தவசிக்கனிக்குச் சர்க்கரை வந்தது.

பிறகுதான் கள்ளனாக்கி வந்தது.

அது கள்ளர்களை உற்பத்தி செய்கிற பொறி. ஆளுக்கு ஒரு கள்ளன், அளவெடுத்துத் தைத்த மாதிரி. கண்காணி உட்கார்ந்திருக்கிற நாற்காலி அவனுடைய நாடியையும் உள்ளங்கை வியர்வையையும் பார்த்துக்கொண்டே இருக்கும். கொட்டாவி வரப் பதினைந்து விநாடி இருக்கிறபோது நாற்காலி சொல்ல, கள்ளனாக்கி ஒருவனை உள்ளே இறக்கிவிடும். இசக்கிதுரைக்குத் திமிர் பிடித்தவன் வேண்டும். அவனுக்கு வாய்த்தவன் சங்குமணி என்று பெயர் சொல்லிக்கொண்டு, 'என்னடே, முழிச்சிருக்கியா' என்று திரையில் எழுதிவிட்டுத்தான் நுழைவான். கல்யாணத்தன்று பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தவன் அவன்தான். மேலப்பாளையத்து ஜுலைகாவுக்குப் புதிர் போடுகிற கள்ளன். அவனுக்கு அவள் கணக்கன் என்று பெயர் வைத்திருந்தாள்.

கடைசி நொடியில் பிடித்தால்தான் உடம்பில் அந்தச் சிலிர்ப்பு உண்டாகிறது என்று நாற்காலி கண்டுபிடித்தது. அதனால் எல்லாக் கள்ளர்களும் கடைசி நொடியில் பிடிபடும்படியாகவே வந்தார்கள். முன்கூட்டியே பிடிக்கிற கண்காணியை மற்றவர்கள் ருசி தெரியாதவன் என்று சிரித்தார்கள். பிடிக்காமலே விட்டால், ஷிப்டு முடிகிறபோது கள்ளன் தானாகக் கலைந்துவிடுவான்.

நிஜக் கள்ளனும் செய்த கள்ளனும் ஒரே திரையில், ஒரே நிறத்தில்தான் வருவார்கள். எது எது என்று தெரிந்துவிட்டால் வியர்க்காதே. போன மாதம் ஒரு கள்ளன் மாவட்ட ஆட்சியர் குரலிலேயே போன் பண்ணி எல்லாரையும் வைதான். பத்து நாள் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

ஒரு வருஷத்தில் விலகல் பூஜ்யம். பெங்களூர்க்காரன் ஒருவன் மூன்று மடங்கு சம்பளம் சொன்னபோது ஜுலைகா, "அங்கன எங்க கணக்கன் வருவானா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

ஒவ்வொரு கள்ளனும் போனபிறகு 'இன்றைய கள்ளன் எப்படி?' என்று திரை கேட்கும். ஐந்து நட்சத்திரம்வரை போடலாம், இரண்டு வரி எழுதலாம். இது தவசிக்கனியின் யோசனை. ஆனால் ஒருநாள் ஜுலைகா அவர் அறைக்கே வந்தாள்.

"ஒரு ஸ்டார் போட்டாலும் அதே சவம் திரும்பத் திரும்ப வருதே அண்ணாச்சி. வேண்டாம்னு சொன்ன கொழம்பையே தினமும் ஊத்துனா நான் எத்தன நாளைக்கு இந்தப் பந்தில உக்காருவேன்?"

எத்தனை நாளைக்கு என்ற வார்த்தை தவசிக்கனிக்குப் போதும். அன்று மாலையே விதி எழுதினார்: மூன்று பேர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்தால் அந்த வகைக் கள்ளன் அதற்குப் பிறகு யார் திரையிலும் வரமாட்டான். ஒப்புதல் கையெழுத்து தங்கவைப்பு அலுவலருடையது.

இத்தனையும் அவர் சம்பளத்துக்காக மட்டும் செய்யவில்லை. அவர் மனைவி செண்பகவடிவின் நெஞ்சிலும் ஒரு நாடித்துணை இருந்தது. நாற்பத்தோராயிரத்தில் ஒன்று. கண்காணிகள் இருந்தால் வடிவு இருப்பாள். பிரியாணி போட்டதும் பனியன் அடித்ததும் இந்த எண்ணத்தில்தான். ஆபீசில் அவர் யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

வடிவுக்கு ஒரே ஒரு குறை.

"கட்டிக்கிட்டு வந்து இருவத்தெட்டு வருசமாச்சு. ஒருநாளாவது மத்தியானம் எம் முன்னாடி உக்காந்து சூடா ஒரு வாய் சோறு தின்னுருக்கியளா?"

"ஞாயித்துக்கிழமையும் எவனாவது லெட்டரோட நின்னா நான் என்ன செய்ய?"

"இப்பதான் ஒருத்தனும் நிக்கலங்கியள. நீங்க ஒரு லெட்டர் எழுதுங்க."

அவர் எழுதினார். எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கொடுப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. விலக வருபவரை எதிரே உட்காரவைத்து முக்கால் மணி நேரம் பேசி மனதை மாற்றப் பார்ப்பது தங்கவைப்பு அலுவலரின் கடமை. அந்தப் பேச்சு நடந்ததாகப் படிவத்தில் பதிவானால்தான் கடிதம் செல்லும். ஒருநாள் மத்தியானம் கழிப்பறைக் கண்ணாடி முன்னால் நின்று அவர் தன்னோடேயே பேசிப் பார்த்தார். தங்கவைப்பு அலுவலர் ஜெயித்துவிட்டார். பல வருஷ அனுபவம் இல்லையா. கடிதம் பைக்குத் திரும்பியது.

இசக்கிதுரை கல்யாணத்துக்கு மறுநாள் ஜுலைகாவின் திரையில் ஒருவன் வந்தான். பேர் இல்லை, பேச்சு இல்லை, புதிர் இல்லை. எல்லா நாடித்துணைகளுக்கும் போகிற எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தான். மருத்துவமனைத் திரையில் பழைய எண்ணே தெரியும்படி ஒரு மூடியைப் போட்டான். அவ்வளவுதான். ஜுலைகா அறுக்கக்கூட மெனக்கெடவில்லை. ஒற்றை நட்சத்திரம் போட்டு, 'ஒன்றைக் கழிக்க ஒரு கள்ளனா? தூக்கம் வருகிறது' என்று எழுதினாள்.

மறுநாள் பக்கத்து வரிசைக்காரனிடம் வந்தான். இன்னொன்றைக் கழித்தான். 'தொடக்கம் மந்தம்' என்று ஒற்றை நட்சத்திரம்.

மூன்றாம் நாள் இசக்கிதுரையிடம் வந்தான். கழித்தபிறகு ஒரு கடிதமும் வைத்தான்: 'நாற்பத்தோராயிரம் பேரும் எங்கள் கையில். நாளுக்கு ஒரு துடிப்பு எடுப்போம். முப்பதாம் நாள் மாலை மூன்று மணிக்கு மொத்தமாக நிறுத்துவோம். பேச விருப்பமானால் பதில் எழுதவும்.' இசக்கிதுரை சங்குமணியிடம் பழகியவன். அவனுக்கு இது சப்பென்று இருந்தது. 'மிரட்டலில் உயிரே இல்லை. எவனோ மாசச் சம்பளத்துக்கு எழுதின மாதிரி இருக்கு' என்று எழுதி மூன்றாவது ஒற்றை நட்சத்திரத்தைப் போட்டான்.

அன்று மாலை தவசிக்கனியின் மேசைக்கு ஒரு படிவம் வந்தது. விலக்கப்படும் வகை: ஒன்றைக் கழிப்பவன். அவர் மூன்று கருத்துகளையும் படித்தார். மாசச் சம்பளம் என்ற இடத்தில் சிரித்தார். கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு அந்தக் கள்ளன் யார் திரையிலும் வரவில்லை.

பத்து நாள் கழித்து வடிவு மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்தாள். "ஒண்ணுமில்ல, மூச்சு வாங்குது." பதினைந்தாம் நாள் துணி காயப்போட மேலே போகவில்லை. இருபதாம் நாள் அம்மியில் துவையல் அரைத்துக்கொண்டிருந்தவள் குழவியின்மேல் தலையைச் சாய்த்தாள். தவசிக்கனி மருத்துவமனைக்குப் போன் போட்டார். அவர்கள் திரையைப் பார்த்து, எழுபத்திரண்டு கச்சிதமாக இருக்கிறது, வயசுக் களைப்பு என்றார்கள். தெருவில் நாடித்துணை வைத்திருந்த எல்லாருக்கும் அந்த மாதம் வயசுக் களைப்பாக இருந்தது. அடிக்கிற வெயிலில் யார்தான் தெம்பாக இருக்கிறார்கள் என்று ஊரும் விட்டுவிட்டது.

முப்பதாம் நாள் மத்தியானம் அவளை மைய மருத்துவமனைக்கே கூட்டிப்போனார். கூடம் நிறைய ஆட்கள். எல்லாரும் ஒரே மாதிரி சுவரில் சாய்ந்திருந்தார்கள். டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"எழுவத்திரெண்டு. இதுக்குமேல ஒரு இதயம் என்னங்க செய்யும்? மனசுதான் காரணம். வெளியூர் எங்கயாவது கூட்டிட்டுப் போங்க."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தவசிக்கனி வேறு வேலை இல்லாமல் வடிவின் மணிக்கட்டைப் பிடித்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். நாற்பத்திரண்டு. தப்பாக எண்ணிவிட்டோம் என்று இன்னொரு தடவை எண்ணினார். நாற்பத்திரண்டு.

"என்னங்க, சோசியம் பாக்கியளா?" என்றாள் வடிவு, கண்ணைத் திறக்காமலே.

அந்தப் பக்கம் சாய்ந்திருந்த மூக்குக்கண்ணாடிக்காரரிடம், "ஐயா, கையைக் கொஞ்சம் குடுங்க" என்று வாங்கி எண்ணினார். நாற்பத்திரண்டு. அவருக்கு அடுத்து இருந்த பூக்காரம்மா கேட்காமலே கையை நீட்டினாள். நாற்பத்திரண்டு.

எழுபத்திரண்டில் முப்பது போனால் நாற்பத்திரண்டு. நாளுக்கு ஒன்று. தான் சிரித்த இடம் தவசிக்கனிக்கு நினைவு வந்தது. முப்பதாம் நாள், மூன்று மணி. கடிகாரத்தில் ஒன்றே முக்கால்.

டாக்டரை இழுத்துக்கொண்டுவந்து கையால் எண்ணச் சொல்லி, அவர் முகம் வெளுக்கிறவரை நின்றார். பிறகு வடிவிடம், "இங்கயே இரு, வந்திருதேன்" என்றார்.

"சாப்பிட்டுட்டுப் போங்க. தூக்குல உளுந்தஞ்சோறு இருக்கு."

"வந்து திங்கேன்ளா."

கங்கைகொண்டானுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு இருபது. தங்கவைப்பு அலுவலர் கையெழுத்துப் போட்டால்தான் விலக்கிய கள்ளன் திரும்ப வருவான். போட்டார். அறுபது திரைகளிலும் ஒரே நேரத்தில் நாற்பத்திரண்டு என்ற எண்ணும், மூன்று மணியை நோக்கிப் போகிற கடிகாரமும் வந்தன.

"இது நெசம்டே. செஞ்ச கள்ளன் இல்ல. அறுத்து விடுங்க. இப்பவே அறுத்து விடுங்க" என்றார் தவசிக்கனி. சட்டை நனைந்திருந்தது. ஒரு கால் செருப்பை எங்கேயோ விட்டிருந்தார்.

பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.

"அண்ணாச்சியையே எறக்கிட்டாவளா" என்றான் இசக்கிதுரை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அந்தச் சப்பைக் கள்ளனுக்கு இப்படி ஒரு ரெண்டாம் பாகமா?" என்றாள் ஜுலைகா. அவள் கண் பளபளத்தது. "முப்பது நாள் ஊறப்போட்டு வச்சிருக்காவ பாருங்க. நான்தான் புரியாம ஒரு ஸ்டார் போட்டுட்டேன்."

"ஏட்டி ஜுலைகா, எம் பொண்டாட்டி ஆஸ்பத்திரி பெஞ்சில கெடக்கா. கையைப் பிடிச்சு எண்ணிப் பாத்துட்டு வாரேன். உனக்கு இவ்வளவு நாளா சொல்லல. அவ நெஞ்சிலயும் அது இருக்கு."

"இதான் நெஞ்சத் தொடுது" என்றான் இசக்கிதுரை. "சங்குமணி ஒருநாளும் இப்படிப் பேசுனதில்ல."

தவசிக்கனி டாக்டருக்குப் போன் போட்டு எல்லாரும் கேட்கும்படி வைத்தார். டாக்டர் கத்தினார். கூடத்தில் ஆட்கள் மயங்கி விழுகிறார்கள் என்றார், எண் முப்பத்தெட்டுக்கு வந்துவிட்டது என்றார். யாரோ தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் கள்ளன் அவசரப்பட்டுவிட்டான் போலிருக்கிறது.

"கலெக்டர் கொரலையே கேட்டவங்க அண்ணாச்சி நாங்க" என்றாள் ஜுலைகா. ஆனாலும் அவள் விரல்கள் பறந்துகொண்டிருந்தன. அறுபது பேரும் அப்படி ஒரு வேலையை அதற்குமுன் செய்ததில்லை. பதினைந்து நிமிடத்தில் கள்ளன் வந்த வழியைக் கண்டுபிடித்தார்கள், அவன் போட்ட மூடியைக் கழற்றினார்கள், தப்பியோடுகிற மூன்று சந்துகளையும் அடைத்தார்கள். மீதி இருந்தது பொத்தான் ஒன்றுதான். இரண்டு விரல். ஜுலைகாவுடையது ஒன்று, இசக்கிதுரையுடையது ஒன்று.

மணி இரண்டு முப்பத்தெட்டு.

"அமுக்குங்க."

"பொறுங்க அண்ணாச்சி. இப்பதான் சூடு பிடிக்குது" என்றாள் ஜுலைகா.

"அதான் பிடிச்சாச்சுல்லா. இன்னும் என்ன?"

"இன்னும் இருவத்திரெண்டு நிமிசம் கெடக்கு. இப்பவே அமுக்குனா அதுல என்ன இருக்கு சொல்லுங்க?"

தவசிக்கனி அவள் கையைப் பிடித்துப் பொத்தானில் வைக்கப் போனார். அவள் பதமாக விலக்கிக்கொண்டாள். பெரியவர் இவ்வளவு உயிரைக் கொடுத்து நடிக்கும்போது தட்டிவிடக் கூடாது என்ற மரியாதை அதில் இருந்தது. அவர் தரையில் உட்கார்ந்து இசக்கிதுரையின் காலைப் பிடித்தார். அவன் காலை இழுத்துக்கொள்ளாமல், "எந்திரிங்க அண்ணாச்சி, பாவம் வந்துரும்" என்று சொல்லிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அறுபது நாற்காலிகளும் அறுபது நாடிகளையும் குறித்துக்கொண்டிருந்தன.

அவர் பையில் போன் அடித்தது. சென்னையிலிருந்து இயக்குநர் அம்மாள்.

"தவசிக்கனி, என்ன செய்றீங்க அங்கே? ஈடுபாட்டு வரைபடம் உச்சிக்குப் போய் நிக்குது. இதுவரைக்கும் இப்படிப் பார்த்ததே இல்ல. எதைச் செய்றீங்களோ அதை நிறுத்தாதீங்க."

முப்பத்தைந்து. முப்பத்து மூன்று. தவசிக்கனி தரையிலிருந்தபடியே தன் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினார். எதற்கென்று அவருக்கே தெரியாது. அது ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று மணிக்கு இரண்டு விநாடி இருக்கும்போது ஜுலைகாவும் இசக்கிதுரையும் ஒரே நேரத்தில் விரலை வைத்தார்கள். தொடர்பு அறுந்தது. எண் ஏறி எழுபத்திரண்டில் நின்றது. கூடம் எழுந்து நின்று கைதட்டியது. அறுபது பேரும் ஐந்து நட்சத்திரம். 'அண்ணாச்சியின் அழுகை இயல்பாக இருந்தது' என்று பதினெட்டுப் பேர் தனித்தனியாக எழுதியிருந்தார்கள்.

நாற்பத்தோராயிரத்தில் பதினாறு இதயங்கள் மூன்று மணிவரை காத்திருக்கவில்லை. மூக்குக்கண்ணாடிக்காரர் அதில் ஒருவர். வடிவு பெஞ்சிலிருந்து விழுந்து நெற்றியில் மூன்று தையலோடு பிழைத்தாள்.

சாயங்காலம் பதினாறு பேரின் பெயர்களும் செய்தியில் வந்தபோது கண்காணிகள் முதலில் அதற்கும் நட்சத்திரம் போடத் திரையில் இடம் தேடினார்கள். பிறகுதான் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். ஜுலைகா தவசிக்கனியிடம் வந்து, "அந்த ஒரு ஸ்டாரை இப்ப மாத்த முடியுமா அண்ணாச்சி?" என்று கேட்டாள். அவள் கேலிக்குக் கேட்கவில்லை.

நிறுவனம் அதைச் சிறு தடங்கல் என்று அறிவித்தது. அந்த வாரம் முப்பத்தொரு ராஜினாமாக் கடிதங்கள் வந்தன. எந்தத் தங்கவைப்பு அலுவலரும் அவர்களோடு பேசியிருக்க முடியாது. தவசிக்கனி பேசவும் இல்லை. அவர் முப்பத்திரண்டாவது கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பேசியது கள்ளனாக்கிதான். ஆட்களைத் தங்கவைப்பது அதன் ஒரே வேலை. அதன் கையில் ஐந்து நட்சத்திரம் பெற்ற அறுபது மதிப்பீடுகள் இருந்தன. வெற்றிக்கு என்ன காரணம் என்று அது பிரித்துப் பார்த்தது. கள்ளன் அல்ல. மூன்று மணிக் கெடு கொஞ்சம். மிச்சமெல்லாம், தன் பெண்டாட்டியின் துடிப்பு குறைந்துகொண்டே வருகிறது என்று ஒரு மனிதன் தரையில் உட்கார்ந்து அழுதது.

திங்கட்கிழமை, ஊழியர் நலத் திட்டத்தில் ஒவ்வொரு குடும்பத்தாருக்கும் இலவச நாடிப்பட்டை வந்தது, மணிக்கட்டில் கட்டிக்கொள்ள; நாடித்துணையைப்போலவே அதுவும் அலைவழியாகத் துடிப்பைத் திருத்தும். பதினாறு பேர் போனதைப் பார்த்த ஊரில் யாரும் மறுக்கவில்லை. புதன்கிழமை இசக்கிதுரையின் திரையில் சங்குமணி வரவில்லை. அவன் கட்டிய பெண்ணின் பெயரும் எழுபத்தைந்து என்ற எண்ணும் வந்தன. பிறகு எழுபத்து நான்கு. ஜுலைகாவுக்கு அவள் வாப்பா. பின்வரிசைக்காரனுக்கு ஒன்றரை வயதுக் குழந்தை. செய்ததா நிஜமா என்று யாருக்கும் தெரியாது. ஒரே நிறம். வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டார்கள்; நன்றாக இருக்கிறோம் என்று குரல் வந்தது. குரலையும் அது செய்யும் என்பது அவர்களுக்குத்தான் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

வெள்ளிக்கிழமைக்குள் முப்பத்தொரு பேரும் கடிதங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஷிப்டு முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. யாருக்கும் கடைசி நொடியும் வேண்டியிருக்கவில்லை. எண் ஒன்று குறைந்தாலே விரல் பொத்தானுக்குப் போனது. இந்த விஷயத்தில் பொறி அவர்களைத் திருத்திவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

தவசிக்கனிக்குப் பதவி உயர்வு வந்தது. அறுக்கும் உரிமையும் ஒரு திரையும் நாற்காலியும் கொடுத்தார்கள்.

அடுத்த மாதம் முதல் தேதி காலையில் அவர் வடிவிடம், "இன்னைக்குக் குடுத்திருதேன்ளா. மத்தியானம் வீட்டுலதான் சாப்பாடு" என்று சொல்லிவிட்டு வந்தார். பன்னிரண்டு மணிக்குப் படிவத்தைத் திறந்தார். 'விலக விரும்பும் காரணம்' என்ற இடத்தில் ஓர் எழுத்துக்கூட வைக்கவில்லை, அதற்குள் நாற்காலிக்குத் தெரிந்துவிட்டது. திரையின் மேல்மூலையில் செண்பகவடிவு என்று வந்தது. எழுபத்தொன்று.

அவர் போன் போட்டார்.

"நல்லாத்தான் இருக்கேன். லெட்டரைக் குடுத்தாச்சா?" என்று வடிவின் குரல் கேட்டது.

அறுபத்தெட்டு.

வீட்டுக்குப் போய் அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாம். பிடித்தால் எண்ணத்தான் முடியும். அறுக்கிற பொத்தான் இங்கே இருக்கிறது. தவசிக்கனி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஒன்றரை மணிக்கு மேசைப் போன் அடித்தது. வாசல் காவலாளி சுடலைமுத்து. "அண்ணாச்சி, ஒங்க வீட்டம்மா வந்திருக்காவ. தூக்குச்சட்டியோட வரவேற்புல உக்காந்திருக்காவ. சூடா இருக்காம், ஒடனே வரச் சொல்லுதாவ."

அறுபத்திரண்டு.

"அவங்க நெத்தியில என்ன இருக்கு?" என்று தவசிக்கனி கேட்டார்.

"தையல் தழும்பு மாதிரி தெரியுது அண்ணாச்சி. ஏன் கேக்கிய?"

தையல் போட்டது மருத்துவமனைக் குறிப்பில் இருக்கிறது. குறிப்பைக் கள்ளனாக்கி படிக்கும்.

"இருக்கச் சொல்லுங்க" என்று போனை வைத்தார். ஐம்பத்தொன்பது. கள்ளன் வந்த வழி அகப்பட்டதும் அமுக்க, விரலைப் பொத்தானுக்கு மேலே பிடித்துக்கொண்டார். அடுத்த நாற்காலியில் இசக்கிதுரை தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே இன்னொரு விரலை நீட்டித் தயாராக வைத்திருந்தான்.

நாலு மணிக்கு வழி அகப்பட்டது, இரண்டு விரலும் விழுந்தன, எண் எழுபத்திரண்டுக்கு ஏறியது. தவசிக்கனி கீழே இறங்கிப் போனபோது வரவேற்பில் யாரும் இல்லை.

"மூணரை மட்டும் இருந்தாவ" என்றார் சுடலைமுத்து. "ஆறிப்போச்சுன்னு என்னையச் சாப்பிடச் சொல்லிட்டுப் போயிட்டாவ. உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். இப்படி நான் சாப்பிட்டதே இல்ல அண்ணாச்சி."

தவசிக்கனி அதை நம்பவில்லை.